வளவிலே தேங்கி நிற்கும் வேலைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் வளவு வைத்திருக்கும் கமக்காரருள், தொடங்கிய வேலைகள் யாவற்றையும் முடித்துவிட்டதாகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் அடையாத வேலி, பாதி எழுந்த கோழிக்கூடு, தோண்டிய மண் மேலேயே கிடக்கும் தென்னங்குழி, வெட்டி வீழ்த்தியபின் அகற்றப்படாத மரக்குற்றி ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இல்லாத வளவு அரிது. இதனை வெறுஞ்சோம்பல் என்று கூறுவோர் கமக்காரரின் நாளை அறியாதவராவர். வெங்காயமோ மிளகாயோ தோட்டத்தில் நிற்கும்போது தண்ணீர் இறைப்பதற்கு நாள் தவறுதல் ஆகாது. ஆதலால் தோட்டத்துக்கு முதலிடமும் வளவுக்கு எஞ்சிய பொழுதும் கிடைக்கின்றன. அந்த எஞ்சிய பொழுதையும் திருவிழாவும் கலியாணமும் காய்ச்சலும் பங்கிட்டுக் கொள்கின்றன.

அண்மைக் காலத்தில் வேறு காரணங்களும் சேர்ந்தன. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் மீள்குடியேறிய குடும்பங்கள் காடு மண்டிய வளவுகளில், தூர்ந்த கிணறும் சரிந்த வேலியும் கூரையற்ற சுவருமாக எல்லா வேலைகளையும் ஒரே காலத்தில் தொடங்க நேர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் எரிபொருளும் விலையேறியபோது, அரைகுறையாய் நின்ற கட்டுமானங்கள் அப்படியே நின்றன. காரணம் எதுவாயினும் பல வேலைகள் பாதியில் நிற்கும் நிலை ஒன்றே. அந்நிலையில், அவற்றுள் எதனை முதலில் முடிப்பது, எதனை நிறுத்தி வைப்பது, எதனைக் கைவிடுவது என்று தீர்மானிக்கும் முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது.

தொடங்காத வேலையால் வரும் நட்டம் பெரும்பாலும் சிறிது. பாதியில் நின்ற வேலையோ நாள்தோறும் எதையேனும் தின்றுகொண்டிருக்கும். வாங்கி அடுக்கிய மரத்தைக் கறையான் தின்னும். சீமெந்து ஈரம் உறிஞ்சிக் கட்டிபடும். திறந்த குழியில் கன்று விழும். முடியாத வேலையின் உண்மையான செலவைக் கணக்கிடுவோர், போட்ட பணத்தோடு இந்த அன்றாடச் சேதத்தையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

மாரியே தவணை

வட மாகாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள காலத்திலேயே பெய்துவிடுகின்றது. கடும் புயல்களும் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே வந்துள்ளன. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் மன்னாரையும் வடகரையையும் தாக்கிய புயலும், 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளியும், 2008ஆம் ஆண்டு நவம்பரில் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷாவும், 2020ஆம் ஆண்டு டிசெம்பர் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவியும் இதற்குச் சான்றாகும். ஆதலின் வளவு வேலைகளுக்குத் தவணை வேறெவரும் குறிக்க வேண்டியதில்லை. புரட்டாதி முடிவதற்குள் முடியாத மண்வேலையும் கூரைவேலையும் தை பிறக்கும் வரை முடியா.

ஆயினும் மழை எல்லா வேலைக்கும் பகையன்று. கதியால் நடுவதற்கும் தென்னம்பிள்ளை வைப்பதற்கும் மழையே வேண்டும். எனவே தேங்கிய வேலை ஒவ்வொன்றையும் நோக்கி, மழை வந்தால் இஃது கெடுமா, மழையை எதிர்பார்த்து நிற்குமா, மழையால் யாதொரு மாற்றமும் அடையாதா என்று கேட்பது முதற்படியாகும். சுருங்கத் தோன்றினும் இவ்வொரு கேள்வியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஒரு வளவின் கணக்கு

நான்கு பரப்பு, அதாவது கால் ஏக்கர், கொண்ட ஒரு வளவை உதாரணமாகக் கொள்வோம். ஆவணி முதலாந் திகதி அவ்வளவில் பின்வரும் வேலைகள் எஞ்சியுள்ளன என்க. காலையில் தோட்டத்துக்குச் சென்று திரும்பும் ஒருவர் பெறக்கூடியது அரைநாளே ஆதலால், கணக்கும் அரைநாட்களிலேயே தரப்படுகின்றது.

குசினிக்குக் கூரை வேய 3 அரைநாட்கள். அறுபது அடிப் பின்வேலி அடைக்க 4. கிணற்றுச் சேறு வார 2. தரைமட்டத்திலே நின்றுபோன கிணற்றுக் கட்டை உயர்த்த 6. கோழிக்கூட்டை முடிக்க 5. ஆறு தென்னங்குழிகளுள் தோண்டிய மூன்றை நிரப்ப 2, எஞ்சிய மூன்றைத் தோண்டி நிரப்ப 2. சோளகக் காற்றில் முறிந்து விழுந்த தென்னங்குற்றியை அகற்ற 3. எருக்குழிக்குப் பந்தலிட 2. பாதி கட்டிய தண்ணீர்த் தொட்டியை முடிக்க 6. ஆட்டுக்கொட்டிலுக்குக் கல்லிட்டுத் தரையமைக்க 6. ஆக 41 அரைநாட்கள்.

இனி, கையிலுள்ள காலத்தைப் பார்ப்போம். ஆவணி முதல் புரட்டாதி இறுதி வரை ஏறக்குறைய ஒன்பது வாரங்கள். வாரத்துக்கு மூன்று அரைநாட்கள் எனக் கொண்டால் 27 கிடைக்கும். திருவிழா, சடங்கு, சுகவீனம் என்பவற்றுக்கு ஐந்தைக் கழித்தால் மிஞ்சுவன 22. இந்த ஐந்தைக் கழியாமல் கணக்கிடுவோரே ஆண்டுதோறும் ஏமாறுவோர். 41 அரைநாள் வேலை 22 அரைநாட்களில் அடங்காது என்பதை ஆவணி முதலாந் திகதியே அறிந்துகொண்ட குடும்பம் தெரிவு செய்யத் தொடங்கும். அறியாத குடும்பம் பத்து வேலையிலும் கைவைத்துப் பத்தையும் நனையவிடும்.

உயிருக்கு ஆபத்தானவை முந்துக

மேற்கூறிய வேலைகளுள் முதலிடம் கிணற்றுக் கட்டுக்கே உரியது. கட்டில்லாத கிணறு கோடையில் ஓர் அச்சம். மாரியில் இரட்டை அச்சம். நிலமும் கிணறும் ஒரே வெள்ளமாய்த் தோன்றும் நாளில் கரை எது, ஆழம் எது என்று பிள்ளைகள் அறியார். தரையில் ஓடும் அழுக்கு நீரும் நேரே குடிநீரிற் கலக்கும். குறைந்தது மூன்றடி உயரமுள்ள கட்டும், அதனைச் சூழ வெளிப்புறம் சாய்ந்த சீமெந்துத் தளமும் அமைத்தல் வேண்டும். கட்டை மாரிக்குள் உயர்த்த முடியாத வீட்டார், வலிய மரக்கால்கள் நட்டுக் குறுக்குமரம் நெருக்கமாய் அடித்துக் கிணற்றைச் சுற்றி வேலியாவது இட்டுவிடுதல் கட்டாயமாகும்.

சேறு வாருதலும் இதனோடு சேர்ந்த வேலை. குடாநாட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருப்பது மழைக்குச் சற்று முந்திய காலத்திலாதலால், புரட்டாதி முற்பகுதி இதற்கு உகந்தது. நீரை வற்றச் செய்யும் பொருட்டுப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ இயங்கும் பம்பைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் கூடவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இயந்திரம் மேலேயே நிற்க, குழாய் மட்டும் கீழிறங்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்றல் அவசியம்.

கட்டுக்கு வேண்டிய சீமெந்து எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். உதாரண வளவில் தொட்டிக்கென வாங்கிய சீமெந்துப் பைகள் தாழ்வாரத்தில் இருக்கின்றன. அவற்றையே எடுத்தல் வேண்டும். சீமெந்து காத்திருக்கும் பொருளன்று. பலகைமேல் அடுக்கி, சுவரில் முட்டாமல் வைத்தாலும் மூன்று மாதத்தில் வலிமையின் ஒரு பங்கை இழந்துவிடும். மாரி ஈரத்தில் முழுவதும் கட்டியாகிவிடும். ஒரு வேலைக்கென வாங்கிய பொருளை வேறு வேலைக்குத் தொடலாகாது என்னும் பிடிவாதத்தாற் கல்லாய்ப்போன சீமெந்துப் பைகள் நம் கிராமங்களில் ஏராளம். கட்டி முடித்தபின் ஏழு நாட்களுக்கு ஈரச்சாக்குப் போர்த்தி நீர் தெளித்தல் வேண்டும்.

அடுத்தது கூரை. கிடுகு பின்னுதல் வீட்டுப் பெண்கள் பொழுது கிடைத்தபோதெல்லாம் செய்துவருவதாகும். ஓலையை நீரில் ஊறவைத்துப் பின்னி, உலர்த்தி அடுக்கியபின் வேய்வதற்கு மூன்று அரைநாட்கள் போதும். வீட்டுத் தலைவர் தொட்டியையோ கொட்டிலையோ முதலில் முடிக்க விரும்புவதும், வீட்டுத் தலைவி கூரையை நினைவூட்டுவதும் வழக்கம். கூரை எங்கே ஒழுகுகின்றது என்பதை அடுப்படியில் நிற்பவரே நன்கறிவர். அவர் சொல்லைக் கேட்பது நன்று. விறகு நனைந்து, வித்து வெங்காயப் பிடிகள் கட்டித் தொங்கும் பரணும் நனைந்தால், அடுத்த போகத்தின் நடுகையே தடைப்படும்.

வேலி

வேலி மழையாற் கெடும் பகுதியும் மழையை வேண்டும் பகுதியும் கலந்த வேலையாகும். வரிச்சுக் கட்டி ஓலை வைத்து அடைத்தலைக் கோடையின் இறுதிக்குள் முடித்தல் வேண்டும். பட்டுப்போன கதியால்களுக்கு ஈடாகப் பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை ஊன்றுவதோ ஐப்பசி மழையில்தான். இவ்விரண்டையும் ஒருங்கே செய்ய எண்ணி, கதியால் கிடைக்கட்டும் என்று அடைப்பையும் நிறுத்தி வைப்போர் உளர். அஃது பிழை. கதியால் இல்லாத இடங்களில் உலர்ந்த தடியை ஊன்றி இப்போதே அடைத்துவிடலாம். மழை விழுந்தபின் அதன் அருகே பச்சைத் தடியை நடலாம். சீமைக்கிளுவை வேலியாக மட்டுமன்றி ஆட்டுக்கு உணவாகவும் பயிருக்குத் தழையுரமாகவும் உதவுமாதலால், புதிதாக நடும் இடங்களில் அதற்கு முதன்மை கொடுத்தல் தகும்.

பின்வேலியில் ஒரு முழ அகலப் பொட்டு இருப்பின், கட்டாக்காலி மாடொன்று ஓரிரவில் மிளகாய் நாற்றுமேடை முழுவதையும் முடித்துவிடும். அதனால் அயலவரோடு மூளும் வழக்கு மாட்டின் பசியிலும் நீண்டுசெல்லும். பொட்டைக் கண்ட அன்றே முட்கிளை வெட்டிச் செருகிவிட்டு, முறையான அடைப்பை அதற்குரிய நாளிற் செய்க.

குற்றி, எருக்குழி, தென்னம்பிள்ளை

இம்மூன்றும் தனித்தனி வேலைகளாகத் தோன்றினும் உண்மையில் ஒன்றே. விழுந்து கிடக்கும் தென்னங்குற்றி உக்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். மூடப்படாது, புரட்டப்படாது கிடக்கும் எருக்கும்பமும் அதற்கு உகந்த இடம். தடித்து வளைந்த வெள்ளைப் புழுக்கள் அங்கே மாதக்கணக்கில் உண்டு வளர்ந்து வண்டாகிப் பறந்து, அயலிலுள்ள தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோன்ற முக்கோண வெட்டுக்கள் காணப்படின் இவ்வண்டு வந்துபோனமை தெளிவு. வளர்ந்த மரம் ஒருவாறு தாங்கும். இளந்தென்னையின் வளருமுனை துளைபட்டால் அது பட்டுப்போகும். துளையின் வழியே செவ்வண்டும் புகும். குற்றியைப் போட்டுவைத்துக்கொண்டு அதன் அருகே தென்னம்பிள்ளை நடுதல், வண்டுக்கு வீடும் கொடுத்து உணவும் கொடுத்தலாகும்.

ஆகையால் குற்றியை மூன்று அரைநாளில் துண்டாக்கி, மரத்துக்கு ஆகும் பகுதியை எடுத்து, எஞ்சியதைப் பிளந்து உலர்த்தி விறகாக்குதல் வேண்டும். நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையைக் கிளறியெடுக்க இயலாவிடின் மண்ணால் நன்றாக மூடிவிடலாம். எருவைப் புரட்டும்போது புழுக்களைப் பொறுக்கிக் கோழிகளுக்குக் கொடுத்தல் பழைய வழக்கம். அதிலும் சிறந்த வழி வேறில்லை. எருக்குழிக்கு நான்கு கால் நட்டுப் பழைய கிடுகால் ஒரு பந்தலிட்டால், வெயிலாலும் மழையாலும் நைதரசன் வீணாதல் குறையும். குசினிக் கூரையிலிருந்து கழற்றிய கிடுகு இதற்குப் போதும். ஆதலின் கூரை வேய்ந்த மறுநாளே பந்தலிடுதல் வசதி.

தென்னங்குழிகளுள் தோண்டிய மூன்றின் அடியிலும் பொச்சுமட்டையை உட்புறம் மேல்நோக்க அடுக்கி, மேல்மண்ணும் உக்கிய எருவும் கலந்து நிரப்பி, மழை தொடங்கியதும் பிள்ளை நடுக. மூன்றடி நீள அகல ஆழம் வேண்டுமென்பது விதி. எஞ்சிய மூன்று குழிகள் ஏன் தோண்டப்படவில்லை என்று விசாரித்தால், ஓரடியிற் சுண்ணக்கல் தட்டியதென்பதே விடையாக இருக்கும். குடாநாட்டின் பல வளவுகளில் இதுவே நிலை. அவ்விடம் தென்னைக்கு ஏற்றதன்று. அலவாங்கு கொண்டு ஆண்டுக்கணக்கிற் போராடுவதாற் பயனில்லை. கிளறிய மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அவ்வேலையைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுதல் நன்று. கைவிடத்தக்கதைக் கைவிடுதலும் வேலையை முடித்தலே. தோண்டிய குழிகளைப் பார்த்துப் பார்த்து மனஞ் சலிப்பதும் ஒருவகைச் செலவன்றோ?

இதுகாறும் கூறிய கட்டு 6, சேறு 2, கூரை 3, வேலி 4, குற்றி 3, எருப்பந்தல் 2, மூன்று தென்னங்குழி 2 ஆகியவற்றைக் கூட்டினால் 22 அரைநாட்களாகும். கையிலுள்ள காலம் அத்துடன் தீர்ந்தது.

காத்திருக்கத்தக்க நிலை

தொட்டியும் கோழிக்கூடும் கொட்டில் தரையும் முடியா. அவற்றை அப்படியே விடவும் ஆகாது. முடிக்க இயலாத வேலையை, அது சேதம் விளைக்காமற் காத்திருக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துதல் வேண்டும். இதற்கு நாட்கள் தேவையில்லை. வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

பாதி கட்டிய தொட்டியில் மழைநீர் தேங்கினால், முட்டையிலிருந்து நுளம்பு வெளிவர ஏழு முதற் பத்து நாட்களே செல்லும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் என்பதை நினைவிற் கொள்வோர், இத்தகைய தொட்டியை அலட்சியம் செய்யார். அடியிலே குழாய்க்கு விட்ட துவாரத்தை அடைக்காமல் திறந்துவிட்டு, நீர் வழிந்தோடும்படி நிலத்தைச் சரித்துவிடுதல் வேண்டும். துவாரமில்லையாயின் இப்போதே ஒன்று இடுக. சுவரின் மேற்பகுதியைத் தகரத்தால் அல்லது பழைய கிடுகால் மூடிக் கல் வைத்தல் நன்று.

கோழிக்கூட்டைப் பொறுத்தவரை, கூடு முடியாமல் குஞ்சு வாங்காதிருத்தலே நிறுத்தும் முறை. குஞ்சுகள் மலிவாய்க் கிடைக்கின்றன என்று முதலிற் கொண்டுவந்து, கூடையிலும் பெட்டியிலும் வைத்துக் கீரிக்கும் மரநாய்க்கும் இரையாக்கியோர் பலர். கூட்டுக்கு வாங்கிய கம்பிவலையைச் சுருட்டி உயரத்தில் தொங்கவிடுக. மரத்தை நிலத்திற் படாமல் கல்லின்மேல் அடுக்குக.

கொட்டிலுக்குப் பறித்த கற்குவியல் வீட்டுச் சுவரோரம் கிடந்தால், மாரியில் நிலத்துப் பொந்துகள் நீரால் நிரம்பும்போது விரியனும் தேளும் அக்குவியலை நாடிவரும். நிலத்திற் பாய்விரித்துப் படுக்கும் வீடுகளில் இதன் ஆபத்தை விரித்துக் கூற வேண்டியதில்லை. கல்லை வளவின் தூரப் பக்கத்திற்கு மாற்றுக. ஆடுகளுக்கு இவ்வாண்டு மரச்சட்டத் தட்டொன்று நிலத்திலிருந்து சற்றே உயர அமைத்தால் குளம்பு நனையாது.

கொப்பியில் எழுதுதல்

தேங்கிய வேலைகளை மனத்தில் வைத்திருப்பது பாரம். பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் அவற்றை எழுதிவைத்தல் நலம். எழுதும் முறையிலும் ஒரு நுட்பமுண்டு. ‘வேலி’ என்று எழுதினால் ஒன்றும் நடவாது. ‘சனிக்கிழமை பனையோலை ஏற்றுவிக்க வண்டில்காரருக்குச் சொல்லுதல்’ என்று எழுதினால் வேலி அசையத் தொடங்கும். ஒவ்வொரு வேலைக்கும் அடுத்துச் செய்ய வேண்டிய ஒரு செயலை மட்டும் எழுதினாற் போதும். பல வேலைகள் நின்றிருப்பது பெருங்காரியத்தாலன்று. ஒரு சோடிப் பிணைச்சல், கால் கிலோ ஆணி, ஒரு சுருள் கட்டுக்கம்பி ஆகியவற்றாலேயே என்பது எழுதும்போதுதான் தெரியவரும். இச்சிறு சாமான்களை ஒரே தாளிற் குறித்து, சந்தைக்குப் போகும் ஒரே நாளில் வாங்கிவிடலாம்.

புதிய வேலையொன்றைத் தொடங்க ஆசை பிறக்கும்போது, கொப்பியில் எழுதியவற்றுள் ஒன்றை வெட்டிய பின்னரே தொடங்குதல் என்று குடும்பத்தார் தம்முள் உடன்பட்டால் பட்டியல் நீளாது. கூரை வேய்தல், சேறு வாருதல் போன்ற பல கைகள் வேண்டும் வேலைகளுக்கு அயலிலுள்ள இரண்டு மூன்று வீட்டார் முறைவைத்து ஒருவர்க்கொருவர் உதவும் வழக்கம் முன்னர் எங்குமிருந்தது. இன்றும் சில ஊர்களில் உண்டு. தனித்து நாலுநாள் இழுபடும் வேலை நால்வர் கூடினால் ஒரு காலையில் முடியும்.

வன்னியில் காலபோக நெல்விதைப்புப் புரட்டாதிப் பிற்பகுதியிலேயே ஆட்களை வயலுக்கு அழைத்துக்கொள்ளுமாதலால், அங்குள்ளோர் இக்கணக்கை ஆடியிலேயே போடுதல் வேண்டும்.

தை பிறந்து நிலம் காய்ந்ததும் கொப்பியை மறுபடி விரிக்கலாம். கோழிக்கூட்டின் ஐந்து அரைநாட்களைத் தை, மாசியில் முடித்துக் கூரையும் கதவும் பொருந்தியபின் குஞ்சுக்குச் சொல்லிவைக்கலாம். கொட்டில் தரைக்குப் பங்குனி வெயில் ஏற்றது. தொட்டிக்குரிய சீமெந்தை அவ்வேலை தொடங்கும் வாரத்தில் வாங்கினாற் போதும். ஐப்பசியில் நட்ட கதியால்களில் துளிர் விடாதவற்றை இக்காலத்தில் எண்ணிக் குறித்து, அடுத்த மழைக்கு எத்தனை தடி வேண்டுமென்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.